மோட்டாரை நிறுத்தாத வீடு

அந்தப் பையக் கீழ வைக்காத தம்பி. இந்த பஸ்ஸுல எஞ்சின் சூடு அப்பிடியே தகரத்துல ஏறும், தண்ணி வெந்நியாயிரும். மடியில வச்சுக்க. ம்ம், அப்பிடித்தான். உக்காரு, இங்க எடம் இருக்கு, என் பையத் தள்ளிக்கிறேன்.

கோல்டு பிஷ்ஷா? அந்தக் கருப்பு நல்லாருக்கு, முழி பிதுங்கிக்கிட்டு. கடைக்காரன் காத்து நிறையப் பிடிச்சுக் கட்டிக் குடுத்தானா? அப்பச் சரி. ஆண்டிபட்டிக்குத்தான டிக்கெட்டு கேட்ட? அது வரைக்கும் தாங்கும். நான் போடி போறேன், தங்கச்சி வீட்டுக்கு. உனக்கு என் மகன் வயசுதான் இருக்கும், வா போன்னு பேசுறேன், தப்பா எடுத்துக்காத.

பிள்ளைக்கு வாங்கிட்டுப் போறியா? நல்லது, வளங்க. ஆனா ஒன்னு சொல்றேன், காதுல போட்டுக்க. வீட்டுல பூச்சி மருந்து அடிக்க எவனாவது வந்தான்னா, மொதல்ல மீனத் தூக்கிட்டு வெளிய போயிரு. மூடி வைக்கலாம், டேப் ஒட்டலாம்னு எவன் சொன்னாலும் நம்பாத. பெத்த தாய் சொன்னாலும் நம்பாத. பொண்டாட்டி சொன்னா நம்பவே நம்பாத.

சிரிக்கிற. சிரி, சிரி. சிரிக்கிற வயசுதான்.

எங்க வீட்டுக்காரரு மில்லுல வேல பாத்தவரு. மீச அரும்புற வயசுல உள்ள போனாரு, தல நரைச்சு வெளிய வந்தாரு. நெஞ்சு பூரா பஞ்சுத் தூசி. நாலு படி ஏறுனா விசிலடிக்கும். ரிட்டயர் ஆனதும் டாக்டர் சொன்னாரு, எதையாவது பாத்துக்கிட்டு அமைதியா உக்காந்திருங்கன்னு. என்னையப் பாத்துக்கிட்டு உக்காருங்கன்னேன். உன்னையப் பாத்தா பிரஷர் ஏறும்டின்னுட்டு, நேராப் போயி மீன் தொட்டி வாங்கிட்டு வந்தாரு.

ஹால்ல, டிவிக்குப் பக்கத்துல வச்சாரு. அடியில கலர் கல்லு, உள்ள ரெண்டு பிளாஸ்டிக் செடி, வெளிய ஒரு பலகையில காத்து மோட்டாரு. உனக்குத் தெரியும்ல, சோப்பு டப்பா அளவு இருக்கும், அதுல இருந்து சின்னக் குழா ஒன்னு தண்ணிக்குள்ள போகும். கொப கொப கொபன்னு குமிழி. அந்தக் குமிழியப் பாத்தா தனக்கே மூச்சு லேசாகுதும்பாரு. ஒரு குண்டு மீனுக்கு மேஸ்திரின்னு பேரு. இரை போட்டா மத்ததெல்லாம் இடிச்சுத் தள்ளிட்டு முன்னால வந்து நிக்கும். மில்லுல இவர அப்பிடித்தான் ஒரு மேஸ்திரி இடிச்சானாம். அதுகிட்ட உக்காந்து பழைய கணக்கெல்லாம் பேசுவாரு. என்கிட்டப் பேசுனதவிட அதுகிட்டத்தான் ஜாஸ்தி.

ஒரே ஒரு சட்டம்தான் அந்தத் தொட்டிக்கு. மோட்டார நிறுத்தக் கூடாது. எந்த நேரமும் நிறுத்தக் கூடாது. கரண்டு போச்சுன்னா சொம்புல தண்ணிய மொண்டு மொண்டு ஒசரத்துல இருந்து தொட்டிக்குள்ள ஊத்துவாரு, காத்து ஏறட்டும்னு. இவருக்கே மூச்சு இழுக்கும், ஆனாலும் ஊத்துவாரு. நான் சொம்பப் பிடுங்குவேன், குடுக்க மாட்டாரு. "அதுக வாயிருந்தாச் சொல்லும்டி, மூச்சு முட்டுறது என்னான்னு எனக்குத் தெரியும்"ன்னுவாரு.

எதுக்குச் சொல்றேன்னா, எனக்கு அது தெரியும். அந்த வீட்டுல வேற யாருக்கும் தெரியாது.

மகன் பேரு கதிரேசன், கூரியர் ஆபீசுல இருக்கான். மருமக நாகஜோதி. நர்சு. பெரிய ஆஸ்பத்திரி நர்சு. ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாதிரி கூட இருக்காது, அதெல்லாம் கைராசிக்காரிதான், இல்லைங்கல. மாமியா ஒடைச்சா மண்கொடம், மருமக ஒடைச்சா பொன்கொடம்னு பேசுற ரகம் நான் இல்ல. தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாக. அவ பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்குக் கூட விடாம நானேதான் பாத்தேன்.

போன ஆடியில அவருக்கு முடியாமப் போச்சு. ஆஸ்பத்திரியில வாயில குழாயச் சொருகி மிஷின்ல போட்டுட்டாங்க. மிஷின்தான் மூச்சு விட்டுச்சு. நான் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நெஞ்சு ஏறும், எறங்கும். ஏறும், எறங்கும். நல்லாத்தான இருக்காரு, வீட்டுல கூட இவ்வளவு ஒழுங்கா மூச்சு விட்டதில்லையேன்னு நினைச்சேன். அப்ப ஜோதி வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டா. "அத்த, மாமா இதுல இல்ல அத்த. போதும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்"னா.

வீட்டுக்குன்னா என்ன அர்த்தம்னு உனக்கே தெரியும். உயிரு வீட்டுல போகணும்னு நம்மாளுக ஆசப்படுவாகல்ல, அதுக்கு. நான் சரின்னு தலையாட்டுனேனாம். அவ சொல்றா. எனக்கு அப்பிடி ஒரு ஞாபகமே இல்ல தம்பி. ஆட்டியிருக்க மாட்டேன்.

ஆம்புலன்சுல மிஷின் இல்ல. பலூன் மாதிரி ஒன்னு, அதக் குழாயில மாட்டிவிட்டு அவதான் அமுக்கிக்கிட்டே வந்தா. அமுக்கி விடுறா, அமுக்கி விடுறா, வழி பூரா. வெயில் சுள்ளுன்னு ஏறிருச்சு. ஹால்ல தொட்டி முன்னாடி பாய விரிச்சுப் படுக்க வச்சோம். மகன் பால் ஊத்துனான். நான் ஊத்துனேன். அப்பவும் அவ அமுக்கிக்கிட்டேதான் இருந்தா. எல்லாரும் ஊத்தியாச்சான்னு ஒரு பார்வ பாத்தா. பாத்துட்டு, கைய எடுத்துட்டா.

கைய எடுத்துட்டா தம்பி.

வீடே அடங்கிருச்சு. ஒருத்தரும் அழக் கூட ஆரம்பிக்கல. அந்தத் தொட்டி மட்டும் கொப கொப கொபன்னு கொப்புளிச்சுக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுமா? இந்தா, இங்க இருந்த மூச்சு அங்க போயிருச்சுன்னு தோணுச்சு. கிறுக்கின்னு நினைச்சாலும் நினைச்சுக்க. மேஸ்திரி கண்ணாடிகிட்ட வந்து மூஞ்சிய ஒட்டி வச்சுக்கிட்டு அவரையே பாத்துச்சு.

செக்கானூரணி போயிருச்சா? இந்த டிரைவருக்கு என்ன அவசரமோ, பள்ளம் மேடுன்னு பாக்க மாட்டேங்குறான். பையப் பிடிச்சுக்க.

அதுக்கப்புறம்தான் மூட்டப்பூச்சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன அவரு தலகாணியில ஏறி வந்திருக்கு. அந்தத் தலகாணிய நான் தொவைக்கவும் விடல, தூரப் போடவும் விடல. அதுல படுத்தாத்தான் எனக்குத் தூக்கம். கடிக்கும்தான். கடிச்சுட்டுப் போகுது. நான் ஒன்னு கேக்குறேன், சொல்லு. அந்தப் பூச்சி ஆஸ்பத்திரியில அவரையும் கடிச்சிருக்கும்ல? அவரு ரத்தமும் அதுக ஒடம்புல இருக்கும்ல? நசுக்குனா கையில செவப்பா வருதே, அது யாரு ரத்தம்னு எவனால சொல்ல முடியும்? நான் நசுக்க மாட்டேன். பிடிச்சு சன்னல் வழியா விட்டுருவேன்.

ஆனா பேத்திக்கு ஒடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா வந்துருச்சு. பச்சப் பிள்ள. தொட்டா வீல்னு கத்துது. அதுக்கு நான் என்ன சொல்ல முடியும்? மருந்து அடிக்கணும்னா ஜோதி. எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துன கதையா இருக்கேன்னு சொல்லிப் பாத்தேன். மகன் மொறைச்சான். சரி அடிச்சுத் தொலைங்கன்னுட்டேன். தலகாணிய மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில கட்டி வெயில்ல போட்டா. அவ்வளவுக்கு விட்டாளே.

மருந்துக்காரன் முதுகுல டப்பாவ மாட்டிக்கிட்டு வந்தான். வாயில துணி. தொட்டியப் பாத்ததும் நின்னுட்டான். "இது இருக்குன்னு போன்ல சொல்லலையேம்மா"ன்னான். அப்புறம் வரிசையாச் சொல்ல ஆரம்பிச்சான். ஈரத்துணி போட்டு மூடணுமாம், அதுக்கு மேல பிளாஸ்டிக்கு, சுத்தி டேப்பு. எல்லாம் சரி. கடைசியாச் சொல்றான், மோட்டார நிறுத்திருங்கன்னு.



"என்னப்பா, மூடவும் மூடிட்டு மூச்சையும் நிறுத்துனா அதுக சாகாதா?"ன்னு கேட்டேன். "பாட்டி, மோட்டாரு வெளிய இருக்கு. ரூம்ல இருக்கிற காத்தத்தான் இழுத்துத் தண்ணிக்குள்ள விடும். நான் அடிக்கிற மருந்தும் சேந்து உள்ள போயிரும். கொஞ்ச நேரம் காத்து இல்லாட்டி ஒன்னும் ஆகாது. நான் போயி, சன்னல் எல்லாம் தொறந்து, வாடை போன பெறகு போடுங்க"ன்னான். அவன் சொல்லுவான். அவன் பூச்சியக் கொல்றவன். மீன வளக்கிறது என்னான்னு அவனுக்கு என்ன தெரியும்? ரூம்புக் காத்தத்தான நீயும் நானும் மூச்சு விடுறோம்? காத்துல எங்கயாச்சும் விஷம் ஒட்டுமா?

ஜோதி அவன் சொன்னபடியே செஞ்சா. அவ கட்டிலு பெட்சீட்ட நனைச்சுப் போட்டா, சாப்பாட்டு மேசை பிளாஸ்டிக்கப் போட்டா, சுத்தி டேப்ப ஒட்டுனா. ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுப் போடுற மாதிரி, ஓட்டையே இல்லாம. ஒட்டிட்டு எந்திரிச்சுப் போயி சுவிட்ச அமத்துனா.

அதே கைதான் தம்பி. அதே ஹாலு. அதே எடம்.

சத்தம் நின்னுச்சு. அவரு போன அன்னைக்குக் கூட நிக்காத சத்தம்.

மாடி வீட்டுல போய் உக்காந்தோம். அந்தம்மா காப்பி குடுத்துச்சு. ஜோதி பிள்ளையத் தட்டிக்கிட்டு இருக்கா. எனக்குத் தொண்டையில எறங்கல. கீழ என்ன நடக்குதோ, மேஸ்திரி வாயப் பொளந்து பொளந்து பாக்குமோ, இருட்டா வேற இருக்குமேன்னு. மாத்திரைய மறந்துட்டேன்னு சொல்லிட்டுக் கீழ வந்தேன். மருந்துக்காரன் உள் ரூம்புல கட்டிலுக்கு அடியில அடிச்சுக்கிட்டு இருந்தான், முதுகக் காட்டிக்கிட்டு. ஹால்ல அடிச்சு முடிச்சிருந்தான் போல, தரையெல்லாம் நசநசன்னு, கண்ணு எரிஞ்சுச்சு. மூக்கப் பொத்திக்கிட்டுப் போயி சுவிட்சப் போட்டேன்.

டேப்புக்கு உள்ள இருந்து கொப கொபன்னு சத்தம் வந்துச்சு பாரு, எனக்குப் போன உயிரு திரும்பி வந்துச்சு. அங்கயே நின்னு அழுதுட்டேன். "இந்தா வந்துட்டேங்க, நான் விட மாட்டேங்க"ன்னு சொன்னேன். யாருகிட்டச் சொன்னேன்னு கேக்காத. மாடிக்கு வந்து ஆறுன காப்பிய முழுசாக் குடிச்சேன். அன்னைக்கு வயித்துக்குள்ள போனது அது ஒன்னுதான்.

உசிலம்பட்டியா? எறங்கி டீ குடிக்கிறதுன்னா குடி, பையக் குடுத்துட்டுப் போ, நான் வச்சிருக்கேன். வேணாமா? சரி உக்காரு.

சாயங்காலம் சன்னல் கதவெல்லாம் தொறந்து ஃபேனப் போட்டு, வாடை போன பெறகு ஜோதி டேப்ப உரிச்சா. பிளாஸ்டிக்க எடுத்தா. துணிய எடுத்தா.

எல்லாம் மேல கெடந்துச்சு. வெள்ள வயித்தக் காட்டிக்கிட்டு. குமிழி வந்து தட்டத் தட்ட அதுக ஆடுச்சு. மேஸ்திரி மட்டும் அடியில, கல்லுல மூக்க வச்சுக்கிட்டு. நான் போட்ட சத்தத்துல தெருவே வந்துருச்சு. கொன்னுட்டியேடி, ரெண்டாவது தடவையும் கொன்னுட்டியேடின்னு கத்துனேன். ஆமா, சொன்னேன். வாயில வந்துருச்சு. மனசுல இருந்ததுதான வாயில வரும்?

அவ மோட்டாரப் பாத்தா. மோட்டாரு ஓடிக்கிட்டு இருக்கு. சுவிட்சப் பாத்தா. அப்புறம் என்னையப் பாத்தா. அந்தப் பார்வைய நான் மறக்க மாட்டேன் தம்பி. பயந்து போன பார்வ. குத்தம் செஞ்சவளுக்கு வராம வேற யாருக்கு வரும் அந்தப் பயம்? மகன் ஓடி வந்து "மோட்டாரு எப்பிடி ஓடுது? யாரு போட்டா?"ன்னு கேட்டான். நான் சொல்றதுக்கு வாயத் தொறக்குறேன், அதுக்குள்ள அவ முந்திக்கிட்டு, "நாந்தாங்க. நான் சரியா மூடல. தப்பு என் மேலதான்"னா. மேஸ்திரிய அவ கையாலயே எடுத்து, அவ முந்தானையில சுத்தி, முருங்கைக்கு அடியில பொதைச்சா. மத்ததுகள அவளத் தொட விடல, நானே எடுத்தேன்.

பாத்தியா, அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. நானா கட்டிச் சொல்லல.

நான்தான் நேரத்துல போயி போட்டேன்னு அப்புறமாச் சொன்னேன், அவகிட்ட. நான் போடாம இருந்தா இன்னும் கொடூரமால்ல செத்திருக்கும், கொஞ்ச நேரமாச்சும் மூச்சு விட்டுட்டுல்ல போயிருக்குன்னு. அவ சட்டி கழுவிக்கிட்டு இருந்தா. கழுவுறத நிறுத்தல. "ஆமா அத்த, நீங்க போட்டது நல்லதுதான்"னா. குரலு ஒரு மாதிரி இருந்துச்சு.

இப்பத் தொட்டியில தண்ணி மட்டும்தான். மோட்டாரு ஓடுது. நான் நிறுத்த விடல, அவளும் தொடல. வெறுந் தண்ணி கொப்புளிச்சுக்கிட்டுக் கெடக்கு. மத்தியானம் எல்லாரும் போன பெறகு நான் அது முன்னாடி உக்காந்து சோறு திங்குறேன். சில நேரம் அந்தச் சத்தம் மாறும் தம்பி. கொப கொபன்னு வந்துக்கிட்டே இருக்கும், திடீர்னு இழுக்கும். விசிலடிக்கிற மாதிரி. அவரு படி ஏறுன மாதிரி. நான் பருக்கைய வாயில வச்சுக்கிட்டு அப்பிடியே இருப்பேன். ஏதோ சொல்ல வர்றாரு, சொல்ல வர்றாரு, மூச்சு பத்த மாட்டேங்குது. என்னங்க, என்னங்கன்னு கேப்பேன். தொட்டி பக்கத்துல காத வைப்பேன். என்ன சொல்ல வர்றாருன்னு வெளங்கவே மாட்டேங்குது.

முன்னெல்லாம் எப்பவாச்சும். இப்ப தெனம்.

இன்னைக்குக் காலையில என்ன ஆச்சுன்னா, நான் வழக்கம்போல அவளத் திட்டிக்கிட்டு இருந்தேன். தோசைக்கு உப்புப் பத்தலன்னு ஆரம்பிச்சு எங்கயோ போயிருச்சு பேச்சு. கைய எடுத்தவதானடி நீன்னுட்டேன். மகன் தட்ட விட்டெறிஞ்சான். என்னையப் பாத்து அவன் கத்துனதே கெடையாது. "அம்மா, போதும்மா. அன்னைக்கு அந்த மருந்துக்காரன் என்ன சொன்னான், உனக்கு ஞாபகம் இருக்கா இல்லையா? மீன் கடைக்காரன்கிட்டயும் கேட்டுட்டேன். மோட்டாரு காத்த எங்க இருந்து இழுக்குதுன்னு..." அவ்வளவுதான் சொன்னான். ஜோதி ஓடி வந்து அவன் வாயப் பொத்துறா. என் முன்னாடியே. "விடுங்க, அவங்க என்னையவே திட்டட்டும், விடுங்க"ன்னு அவன இழுத்துக்கிட்டு உள்ள போறா.

என்னத்தையோ மறைக்கிறாங்க. ரெண்டு பேரும் கூட்டு. அவன் திரும்ப வெளிய வந்து மிச்சத்தச் சொல்றதுக்குள்ள நான் ரெண்டு சேலையப் பையில திணிச்சுக்கிட்டு எறங்கிட்டேன். பேத்திகிட்டக் கூடச் சொல்லல. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல மொத பஸ்ஸு எது நின்னுச்சோ அதுல ஏறிட்டேன், அது போடி பஸ்ஸாப் போனது நல்லதாப் போச்சு. இனிமே அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். தங்கச்சி கஞ்சி ஊத்துனா ஊத்தட்டும்.

மோட்டாரத்தான் நினைச்சா பயமா இருக்கு. நான் இல்லாத வீட்டுல அத ஓட விடுவாளா? விடுவா. அது என்னமோ, விடுவான்னுதான் தோணுது.

போனு அடிக்குது. அவதான். வேற யாரு அடிக்கப் போறா. எடுக்க மாட்டேன். எடுத்தா என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். "தப்பு என் மேலதான் அத்த, வந்துருங்க"ன்னுவா. எத்தன தடவ திட்டுனாலும் அதேதான். நீ சொல்லு, தப்புச் செஞ்சவளா இருந்தாலும் எதுத்துப் பேசத் தோணாதா? நான்லாம் எங்க மாமியாகிட்ட, தப்பே செஞ்சிருந்தாலும் நாலு பேச்சுப் பேசிட்டுத்தான் அடங்குவேன். இவளுக்கு ஏன் கோவமே வர மாட்டேங்குது? ஏன் என்னையப் பாத்தா, ஒடம்புக்கு முடியாதவளப் பாக்குற மாதிரி பாக்குறா?

அடிச்சுக்கிட்டே இருக்கா பாரு.

என்ன தம்பி? நீ ஏன் அப்பிடிப் பாக்குற? அதே பார்வ. அச்சு அசல் அவ பாத்த பார்வ. உசிலம்பட்டியில இருந்தே உன் மூஞ்சி சரியில்ல, நான் கவனிச்சுக்கிட்டுத்தான் வர்றேன். நீ மீன் வளக்கிறவன். உனக்கு மோட்டாரு தெரியும்.

வேணாம். வாயத் தொறக்காத. கணவாய் தாண்டிருச்சு, இந்தா உன் ஊரு வந்துருச்சு, எந்திரி. எனக்கு அவ மேல இருக்கிற கோவம் ஒன்னுதான் மிச்சம். அதுலதான் காலையில எந்திரிக்கிறேன், அதுலதான் சோறு திங்குறேன். அது இல்லைன்னு ஆயிருச்சுன்னா, அப்புறம் அவர வீட்டுக்குக் கொண்டு போகத் தலையாட்டுனது யாரு, சுவிட்சப் போட்டது யாருன்னு நான் உக்காந்து யோசிக்கணும். என்னால முடியாது. நீ நல்ல பிள்ள. ஒன்னும் சொல்லாம எறங்கிப் போயிரு.